நாவல் மடுவுக்குப் போகும் வழி

உண்ணாமலைக்கு விடுமுறை நாளில் வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஆரணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு ஆபரேட்டர் வேலை. வாரத்தில் ஆறு நாள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பலகையிலுள்ள துளைகளில் கம்பியைச் செருகுவதும் எடுப்பதுமாக, காஞ்சிபுரத்தையும் பெங்களூரையும் ஆரணிப் பட்டுக்கடைகளோடு பேசவைப்பாள். ஊர் ஊராய்க் குரல்கள் அவள் காதுவழியே போய்வரும். அவளோ அந்த ஸ்டூலை விட்டு நகர முடியாது. ஏழாம் நாள் விடிந்ததும் கால் தரையில் பாவாது. சோற்றைத் தூக்கில் அடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிடுவாள்.

அவள் கணவன் சுப்பராயலு பட்டுத்தறி நெய்கிறவன். குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பான். அதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

"இன்னிக்கு எந்தப் பக்கம்?" என்று தறியிலிருந்தபடியே கேட்பான்.

"தெரியலங்க. எந்த பஸ் மொதல்ல வருதோ அது."

பிள்ளை இல்லாததால்தான் இப்படிச் சுற்றுகிறாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பத்து வயதிலேயே பள்ளிக்கூடத்துக்கு நேர்வழி இருக்க ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனவள் அவள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

சுற்றுவதிலும் அவளுக்குச் சில சட்டங்கள் இருந்தன. கார் வைத்துக்கொண்டு போகமாட்டாள். பஸ் போகிற மட்டும் பஸ், அதற்குமேல் நடை. போன இடத்தில் பூப் பறிக்கமாட்டாள், கிளை ஒடிக்கமாட்டாள். தின்ற இலையைக்கூட மண்ணில் புதைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். பஸ் ஜன்னல் வழியாக யாராவது காகிதத்தை வீசினால், முன்பின் தெரியாதவர்களானாலும் சண்டைக்குப் போய்விடுவாள். வந்த சுவடு தெரியாமல் திரும்புகிறவள் என்று தன்னைப் பற்றி அவளுக்கே ஒரு பெருமிதம் உண்டு.

எழுபத்தொன்பது ஐப்பசியில்தான் நாவல் மடுவை முதலில் பார்த்தாள். படவேட்டுக்கு அப்பால் பஸ் நின்றுபோகும் இடத்தில் இறங்கி, ஒரு ஆலமரத்தில் இடதுபக்கம் திரும்பி, மேலக்கொல்லை என்ற சின்னக் குடியிருப்பைத் தாண்டி மலையோரமாக மொத்தம் இரண்டு மைல் நடக்க வேண்டும்; குடியிருப்பிலிருந்து மடு அரை மைல்தான். பாறைக்கு நடுவே ஓர் ஆள் உயரத் தண்ணீர். அடியிலிருக்கும் கூழாங்கல் மேலேயிருந்தே தெரியும். சுற்றிலும் நாவல் மரங்கள். மேல் மடு நிரம்பி வழிந்து இருபது அடி கீழே இன்னொரு மடுவில் விழுந்துகொண்டிருந்தது.

மேல் மடுவில் காலை விட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பிறகு முகம் கழுவி, தூக்கை அலசிக்கொண்டு திரும்பும் வழியில் கன்னியம்மாவைப் பார்த்தாள். கன்னியம்மா மேலக்கொல்லைக்காரி. கூலி வேலைக்குப் போவாள், நான்கு ஆடு வைத்திருந்தாள். வெயிலில் வருகிறவளைக் கூப்பிட்டு நிழலில் உட்காரவைத்து ஒரு சொம்பு கூழ் கொடுத்தாள். அதற்கப்புறம் மாதம் ஒருமுறையாவது உண்ணாமலை அங்கே போனாள். மேலக்கொல்லைக்கு அவள் 'டெலிபோன் அம்மா' ஆனாள்.

எண்பதாம் வருஷம் மார்கழியில் ஒரு வாரப் பத்திரிகை, வாசகர்கள் தங்கள் ஊருக்குப் பக்கத்தில் யாரும் பார்த்திராத இடத்தைப் பற்றி எழுதலாம் என்று அறிவித்தது. உண்ணாமலை ஒரே மூச்சில் எழுதி அனுப்பினாள். எந்த பஸ், எங்கே இறங்குவது, எந்த ஆலமரத்தில் திரும்புவது என்று ஒன்று விடாமல் எழுதினாள். வழி தெரியாமல் யாரும் அலையக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான். கட்டுரை தையில் வந்தது. சுப்பராயலு தறியை நிறுத்திவிட்டு அதை இரண்டு தடவை படித்தான்.

அந்த மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. பட்டுக்கடை வீட்டிலிருந்து ஒரு பெண் நூற்று நாற்பத்தேழாம் நம்பர் கேட்டாள். அது வேன்கார ஜெயவேலின் நம்பர். இணைப்புச் சரியாக விழுந்ததா என்று பார்க்க அவர்கள் பேச்சில் இரண்டு வார்த்தையை ஆபரேட்டர் காதில் வாங்குவது வழக்கம்.

"நாளைக்கு வேன் வேணுங்க. நாவல் மடு போவணும். பத்திரிகைல வந்துச்சே, அந்த எடம்."

உண்ணாமலைக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்து ஸ்டூலில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தாள். அடுத்த சனிக்கிழமை அதேபோல் மூன்று அழைப்புகள் வந்தன. மாசியில் செய்யாறு, வேலூரிலிருந்தெல்லாம் கேட்டார்கள். ஒவ்வொரு கம்பியையும் அவள் கையாலேயே செருகினாள். போகப்போகச் சிரிப்பு நின்றது. பதினாலு பேர், பன்னிரண்டு பேர், அடுப்பு எடுத்துக்கொண்டு வரவா, பாட்டுப்பெட்டி வேண்டுமா என்றெல்லாம் காதில் விழுந்தது. மாசி மூன்றாம் ஞாயிறு முதல் பஸ்ஸைப் பிடித்தாள்.

ஆலமரத்தடியிலேயே தெரிந்துவிட்டது. வேன் சக்கரம் பதிந்த தடம் மேலக்கொல்லையின் கம்புக் கொல்லையை ஓரம் கடித்துக்கொண்டு போயிருந்தது. மடுவின் பாறையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. சோப்பு நுரை ஒரு மூலையில் ஒதுங்கிக் காய்ந்திருந்தது. நாவல் மரத்தில் கையெட்டும் கிளை ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாம் அடுப்புக்குப் போயிருந்தன. உண்ணாமலை கொண்டுவந்த பையை விரித்துக் காகிதமும் இலையுமாகப் பொறுக்கத் தொடங்கினாள். பை நிறைந்தது. முந்தானையில் கட்டினாள். அதுவும் நிறைந்தது. குப்பை குறைந்ததாகத் தெரியவில்லை.

கன்னியம்மா வீட்டுவாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வலது பாதத்தில் பழைய புடவைத் துணியால் கட்டு.

"இன்னா ஆச்சு கன்னியம்மா?"

"பாட்டில் சில்லும்மா. தண்ணி மொள்ளப் போனேன். ஒரு வாரமா வேலைக்குப் போவல. மல்லாட்டச் செடி பிடுங்கிக் கடல ஆயற நேரம் பாரு."

"தண்ணி மொள்ளவா? மடுவுலயா?"

அந்தக் கேள்வி கன்னியம்மா காதில் விழவில்லை போலும். வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். "எங்க ஆலமரம் பேப்பர்ல வந்துக்கீதாம். வேன்ல வந்தவங்க கிழிச்சி எடுத்துகினு வந்து காட்டினாங்க. எங்க வூட்டுக்காரருக்கு ரொம்ப சந்தோசம்."

"நான்தான் எழுதினேன்."

கன்னியம்மா காலை மெல்ல நகர்த்தி வைத்தாள். "தெரியும்மா. வேற யாரு இந்தப் பக்கம் வந்தாங்க."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் உண்ணாமலை தாங்கியிருப்பாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள். உட்கார இடம் இருந்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை அவள் செய்ததை அவளே பிறகு நினைத்துப் பார்க்கக் கூசினாள். நூற்று நாற்பத்தேழு கேட்டவர்களிடமெல்லாம், "என்கேஜ்டாக இருக்குங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டவர்களிடம், "லைன் பழுதுங்க" என்றாள். அந்த ஞாயிறு எத்தனை வேன் போகாமல் நின்றிருக்கும் என்று நினைத்தபோது நெஞ்சு லேசானது. அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே செய்தாள்.

அன்று பகல் பதினொரு மணிக்குத் தெள்ளாரிலிருந்து ஒரு டிரங்கால். ஆண் குரல், மூச்சிரைத்தது. நூற்று நாற்பத்தேழு என்றது. என்கேஜ்டு என்றாள். ஐந்து நிமிஷத்தில் மறுபடி வந்தது. பழுது என்றாள். மூன்றாம் தடவை அந்த ஆள் அழுகிற குரலில், "எப்படியாவது போட்டுக் குடுங்கம்மா, அப்பா மாடிப்படியில வுழுந்து இடுப்பு ஒடஞ்சி கெடக்கறாரு, வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்றான். உடனே கம்பியைச் செருகினாள். அதற்குள் அரைமணி நேரம் ஓடியிருந்தது. அடுத்த முனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜெயவேல் சாப்பிடப் போயிருந்தான்.

சூப்பர்வைசர் குணசுந்தரி பின்னால் வந்து நின்றாள். அவள் குரலை உயர்த்துகிறவள் இல்லை.

"ரெண்டு வாரமா பாத்துகினுதான் இருக்கேன். அந்த நம்பர்ல ஒரு கோளாறும் இல்ல உண்ணாமலை."

உண்ணாமலை ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"யாரு எதுக்குப் பேசறாங்கன்றது நம்ம வேல இல்ல. கம்பி போடறதுதான் வேல. இன்னொரு தடவ பாத்தேன்னா மேல எழுதித்தான் அனுப்புவேன்."

அன்று டியூட்டி முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஜெயவேலின் ஷெட்டுக்குப் போனாள். நாற்பது வயது ஆள், வேனுக்கு அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான். வெளியே வந்து கையைத் துடைத்தபடி அவள் சொன்னதையெல்லாம் கேட்டான். தெள்ளார் அழைப்பைச் சொன்னபோது அவன் முகம் மாறியது.

"அந்த ஆளு நெல்லு ஏத்தின டிராக்டர்ல அவங்கப்பன வேலூருக்கு இட்டுகினு போயிருக்கான். இப்பதான் வேலூர்லேர்ந்து ஒருத்தரு வந்து சொன்னாரு. உசுருக்கு ஒண்ணும் இல்லயாம். ஆனா ஒவ்வொரு பள்ளத்துலயும் கத்திகினே போயிருக்காரு." துணியை வீசிவிட்டு, "எங்கிட்ட நேரா வந்து சொல்லியிருக்கலாம் இல்லீங்களா?" என்றான்.

"சொன்னா நிறுத்துவீங்களா?"

"நான் ஓட்டலன்னா வேற ஒருத்தன் ஓட்டுவான்."

"அதுக்காக? நான் போறேன், ஒரு இலைகூட விட்டுட்டு வரமாட்டேன். இவங்க போனா மரத்தையே வெட்டறாங்க. உங்க வேன் கம்புக் கொல்லைல ஏறிப் போயிருக்கு. கால்ல நடந்து போறவன் அப்படிப் பண்ணுவானா?"

ஜெயவேல் வேன் சக்கரத்தைப் பார்த்தான். "கொல்லைல ஏத்தினது தப்பு. ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க வருசத்துல ஒரு நாளு போறாங்க. பதினாலு பேருக்கு ஒரு வண்டி. நீங்க மாசா மாசம் போறீங்க. பேப்பர்ல வேற எழுதறீங்க. நடந்து போறவங்களுக்கு மட்டுந்தான் அந்த எடம்னா, நடக்க முடியாத கெழவி மலையப் பாக்கக் கூடாதா?"

அவளுக்குச் சுருக்கென்றது.

"நீங்க ஒரு மாதிரி சொல்றீங்க, நான் ஒரு மாதிரி சொல்றேன்" என்றான் ஜெயவேல். "அங்க கீறவங்க இன்னா சொல்றாங்கன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஒன்றரை வருஷமாக அவர்கள் கூழைக் குடித்தாள், ஆட்டைப் பற்றி விசாரித்தாள், இதை மட்டும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் வேனில் கிளம்பினார்கள். அடுத்த பஸ் மூன்று மணி நேரம் கழித்துத்தான். தன் சட்டத்தைத் தானே மீறி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்த உண்ணாமலை, வழியெல்லாம் கதவுக் கைப்பிடியை விடவே இல்லை. ஆலமரத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டு ஜெயவேல் இறங்கி நடந்தான்.

கன்னியம்மாவின் கணவன் காத்தவராயன் இன்னும் நான்கைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். டவுன்காரர்கள் இரண்டு பேர் வந்து, 'உங்களுக்கு என்ன வேண்டும்' என்று கேட்டால் அதில் என்ன சூது இருக்கிறதோ என்று பார்த்தார்கள். ஜெயவேல் கொல்லை ஓரம் நசுங்கிய கம்பைக் காட்டி மன்னிப்புக் கேட்டபிறகுதான் காத்தவராயன் பேசினான்.

"வரவேணான்னு நாங்க சொல்லலீங்க. நாலு பேரு வந்தாதான் இப்டி ஒரு ஊரு கீதுன்னு தெரியுது. பாத போடறோம்னு பி.டி.ஓ. ஆபீஸ்லேர்ந்துகூட ஆளு வந்து அளந்துகினு போனாங்க. எங்க பொம்பளைங்க வேர்க்கல்ல அவிச்சி, மோரு கலக்கி வித்தாங்க. அதெல்லாம் வேணாங்கல."

"பின்ன எது பேஜாரு?" என்றான் ஜெயவேல்.

"கேக்காம வர்றதுதான்."

அதன்பிறகு பேச்சு தடையில்லாமல் வந்தது. வண்டி ஆலமரத்தைத் தாண்டக் கூடாது. அங்கிருந்து ஊர் ஆள் ஒருவர் கூட வருவார். நடக்க முடியாதவர்களுக்கு மாட்டுவண்டி. மரத்தில் கை வைக்காமல், விழுந்த சுள்ளியை ஊரில் வாங்கிக்கொள்ள வேண்டும். பாட்டில் கூடாது. குளிப்பது கீழ் மடுவில், சோப்பு இல்லாமல். உண்ணாமலை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். எல்லாம் மற்றவர்களுக்கான சட்டங்கள், தான் ஏற்கெனவே செய்வதுதான் என்று உள்ளுக்குள் ஓர் ஆறுதல்.

"மேல் மடுவுல யாரும் எறங்கவே கூடாது" என்று ஒரு கிழவர் சொன்னார். "கால்கூட வைக்கக் கூடாது. அதுதான் எங்களுக்குக் குடி தண்ணி."

உண்ணாமலை கன்னியம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கன்னியம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வர்றப்பல்லாம் அதுலதானே கால விட்டுகினு உக்காந்திருந்தேன். தூக்கு அலசினேன்."

கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏன் கன்னியம்மா, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"எப்டிம்மா சொல்றது" என்றாள் கன்னியம்மா. "ஆபீஸ்ல வேல செய்யறவங்க. எங்க வூட்டு வாசல்ல குந்திகினு, நாங்க குடுத்த கூழ வாங்கிக் குடிச்சீங்க. டவுன்லேர்ந்து வர்றவங்க யாரு அப்டி குடிச்சாங்க? சொன்னா வராம பூடுவீங்களோன்னு இருந்துச்சி. நீங்க போனப்புறம் ரெண்டு நாளு ஊத்துப் பக்கம் போயி மொண்டுகினு வருவோம். அவ்ளோதான்."

ஊற்று எவ்வளவு தூரம் என்று ஜெயவேல் கேட்டான். ஒன்றரை மைல் என்றார்கள்.

உண்ணாமலைக்குக் காது அடைத்துக்கொண்டது போலிருந்தது. வந்த சுவடு தெரியாமல் போகிறோம் என்று எத்தனை தடவை நினைத்திருப்பாள். சுவடு தெரியாமல்தான் போயிருக்கிறாள். அந்தச் சுவடு தெரிந்தவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒன்றரை மைல் நடந்திருக்கிறார்கள்.

காத்தவராயன் கடைசியாக ஒன்று சொன்னான். "பங்குனியிலேர்ந்து ஆனி முடியிற வரைக்கும் யாரும் வரவேணாம். அப்ப தண்ணி எறங்கிடும். ஆடு மாடு, மலைலேர்ந்து எறங்கற மான், எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான். மனுசன் நின்னா மானு வராது."

"நானுமா?" என்று கேட்டுவிட்டாள். கேட்டதும் வெட்கமாகப் போயிற்று.

"நீங்களுந்தாம்மா" என்றாள் கன்னியம்மா.

நாலு மாதம். அந்த வெயில் காலத்தை உண்ணாமலை எப்படிக் கழித்தாள் என்று சுப்பராயலுவைத்தான் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாத்திரங்களை எல்லாம் இறக்கித் துலக்குவாள். பத்து மணிக்குத் துலக்கியவற்றை மறுபடி துலக்குவாள். தெருமுனை வரை போய்த் திரும்புவாள்.

"வேற எங்கயாவது போய்ட்டு வாயேன்" என்றான் அவன். "திருவண்ணாமல போ. வந்தவாசி போ. ஊரா இல்ல?"

போனாள். வந்தவாசியில் இறங்கிக் குன்றுப் பக்கம் நடந்தாள். பாதி வழியில் ஒரு கிணற்றைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். யாருடைய கிணறு, இந்த வழியில் போகலாமா, யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. ஒரு பெண் வரப்பில் வரும்வரை காத்திருந்து கேட்டாள். அந்தப் பெண் இவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "தாராளமா போங்க, அதுக்கு இன்னாத்துக்கு நிக்கறீங்க" என்றாள். ஆனாலும் அன்று நடையில் சுகம் இல்லை. முன்பெல்லாம் காலை எடுத்துவைத்தால் போதும், வழி தானாக விரியும். இப்போது ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கேள்வி நின்றது.

பத்திரிகையிலிருந்து கடிதம் வந்தது. கட்டுரைக்கு நல்ல வரவேற்பு, அதேபோல் இன்னோர் இடத்தைப் பற்றி எழுத முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அவளுக்கு இரண்டு இடம் தெரியும். பேனாவை எடுத்து உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். கடைசியில், அந்த ஊர்க்காரர்களைக் கேட்காமல் எழுத இயலாது என்று இரண்டு வரி எழுதிப் போட்டாள். அவர்கள் பதில் போடவில்லை.

ஜெயவேல் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். நாவல் மடு என்று யார் கேட்டாலும் ஆடி பிறந்த பிறகுதான் என்றான். மற்ற வேன்காரர்களிடமும் பேசினான். இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள், ஒருவன் ஒத்துக்கொள்ளவில்லை. சித்திரையில் அவன் வண்டியை மேலக்கொல்லைக்காரர்கள் ஆலமரத்தில் மறித்துத் திருப்பி அனுப்பியதாகக் கேள்வி. சனிக்கிழமைகளில் அந்த ஒத்துக்கொள்ளாதவனுக்கு வரும் அழைப்புகளை உண்ணாமலை பல்லைக் கடித்துக்கொண்டு இணைத்தாள். ஒரு தடவைகூட என்கேஜ்டு என்று சொல்லவில்லை.

ஆடி இரண்டாம் ஞாயிறு அவள் போனாள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஆலமரத்தடியில் பட்டுக்கடைக் குடும்பம் ஒன்று இறங்கி நின்றது. இவள் பஸ்ஸிலிருந்து இறங்கி அவர்களோடு போய் நின்றாள். கூட வரும் முறை அன்றைக்குச் செல்லியம்மாள் என்ற பெண்ணுக்கு. வைகாசியில்தான் கல்யாணமாகி மேலக்கொல்லைக்கு வந்தவள். உண்ணாமலையை அவள் பார்த்ததில்லை.

"நீங்களும் மடுவுக்குத்தானாம்மா? தனியாவா வந்தீங்க?"

"ஆமா."

"அப்ப இவங்களோட சேர்ந்தே வாங்க. முன்னாடி போவக்கூடாது." பிறகு எல்லாருக்குமாகச் சொல்லத் தொடங்கினாள். எங்கே குளிக்கலாம், எங்கே கூடாது, இலையை எந்தக் குழியில் போட வேண்டும், சுள்ளி யார் வீட்டில் கிடைக்கும். யாரோ கற்றுக்கொடுத்ததைப் பிசகாமல் ஒப்பிக்கிற குரல். "மேல் மடுவுல கால் வைக்கக் கூடாது. அது நாங்க குடிக்கற தண்ணி. புரிஞ்சுதாம்மா?" என்று உண்ணாமலையைப் பார்த்துக் கேட்டாள்.

நான் யார் தெரியுமா, கன்னியம்மாவைக் கேட்டுப் பார் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"புரிஞ்சுதுங்க" என்றாள்.

பட்டுக்கடைக் குடும்பத்தில் ஒரு வயதான அம்மாளை மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். அந்த அம்மாள் மலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வண்டி போகிற வேகத்துக்குத்தான் எல்லாரும் நடக்க வேண்டியிருந்தது. உண்ணாமலையின் கால்கள் முன்னால் ஓடத் துடித்தன. இரண்டு தடவை அவளையறியாமல் வண்டியைத் தாண்டிப் போய்விட்டு நின்றாள். மூன்றாம் தடவை செல்லியம்மாள், "ஜல்தி வேணாம்மா, தண்ணி அங்கியேதான் இருக்கும்" என்றாள். உண்ணாமலை பின்னால் வந்து, வண்டியின் ஓரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.